மீனும் பலாக்கட்டை கிட்டாரும்

— இந்தக் கிட்டாரை அமெரிக்கான்னா சொன்னான்? அந்த ஆள் முகத்தை ஒருவாட்டி நான் பார்க்கணும். சரி, கொண்டுவந்து மேசை மேல வைங்க. ஐயோ, தலை, தலை!

— அம்மா!

— குனிஞ்சு வாங்கன்னு சொல்றதுக்குள்ள முட்டிக்கிட்டீங்களே. ரத்தம் வருதா?

— இல்லீங்க, வெறும் வீக்கம்தான். விளக்குக்கு ஒண்ணும் ஆகலையே?

— அதுக்கு இனிமே ஆக என்ன இருக்கு? எரியாத பெட்ரோமாக்ஸ். நான் பிறக்கறதுக்கு முன்னாடியிருந்து அங்கதான் தொங்குது. சரி பண்ணவும் எங்கப்பா விடமாட்டார், கழட்டவும் விடமாட்டார். பாலிகே ஊர்ல பாதிப் பேர் நெத்தியைப் பதம் பார்த்தாச்சு. அது சரி, கையில என்ன, சொட்டுச் சொட்டா ஒழுகுது?

— மீனுங்க. ஏரிக்கரையில வாங்கினேன். பெரிய கெண்டை.

— கிட்டார் ரிப்பேருக்கு மீனோட வந்த முதல் ஆள் நீங்கதான். பூனை பார்க்கறதுக்குள்ள அந்த வாளியில போடுங்க. நான் லம்ரியா, சியாஹான் குலம். கடை எங்களோடது. நீங்க?

— ஜோங்கி. சிதோருஸ் குலம். தஞ்சோங்பாலாயிலேருந்து வர்றேன். கல்யாணக் கச்சேரியில பாஸ் கிட்டார் வாசிக்கறேன்.

— அம்மா எந்தக் குலம்?

— அது வந்து... தெரியாதுங்க.

— என்னது?

— சத்தியமா தெரியாதுங்க.

— நல்லா இருக்கே கதை! பத்தா இனத்துல பிறந்து அம்மா குலம் தெரியாத ஆளு! அப்போ உங்களை நான் என்னன்னு கூப்பிடறது? அண்ணனா, அத்தானா, சித்தப்பாவா? முறை தெரியாம எனக்குப் பேச்சே வராதே.

— பேர் சொல்லியே கூப்பிடுங்க மேடம்.

— மேடமாம்! முறை தெரியற வரைக்கும் நீங்க மீன்காரர். சொல்லுங்க மீன்காரரே, இந்தக் கிட்டார் எங்க பிறந்ததுன்னு தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகணும்? விக்கப் போறீங்களா?

— ஐயய்யோ, இல்லீங்க. எனக்கு மாமா வேணும்.

— மாமாவா? இது ரிப்பேர் கடைங்க.

— சிரிக்காதீங்க. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். டுமான்னு பேரு, பர்தெதே குலத்துப் பொண்ணு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசியில அவங்கப்பா கேட்டார், "உன் தாய்மாமன் எங்க? அவர் சம்மதிச்சு, அவர் கையால உன் தட்டுல மீன் வைக்காம என் பொண்ணை எப்படி அனுப்பறது?"ன்னு.

— நியாயமான கேள்விதான். யாராவது ஒரு பெரியவரை மாமனா நிக்க வைக்கறது! நாலு பேர் செய்யறதுதானே?

— டுமாவும் அதைத்தான் சொன்னா. அவங்கப்பாகூட அரை மனசா ஒத்துக்கிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பல. எங்கேயோ அம்மாகூடப் பிறந்தவர் இருக்கும்போது, யாரோ ஒருத்தரைக் காசு கொடுத்து உட்கார வச்சு, அவர் கையால நான் எப்படிச் சாப்பிடறது?

— ம். அம்மா?

— எனக்கு ரெண்டு வயசா இருக்கும்போதே போயிட்டாங்க. ரெண்டு பேரும் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அப்பா கப்பல் பேண்டுல டிரம்ஸ் அடிச்சவர், ஊர்ப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. அம்மாவைப் பத்திக் கேட்டா எழுந்து போயிடுவார். "மெரி"ன்னு சொல்வார், அதுவும் மேடைக்கு வச்ச பேரு. போன வருஷம் அவரும் போயிட்டார். ஒரே ஒருவாட்டி, கொஞ்சம் கள்ளு உள்ள போயிருந்தப்போ, இந்தக் கிட்டாரைக் காட்டி, "இதுதான்டா உங்கம்மா வீட்டுச் சீர்"ன்னார்.

— அப்போ இதைச் செஞ்ச வீடோ, வாங்கின வீடோ தெரிஞ்சா...

— அம்மா வீடு தெரிஞ்சிடும். மாமாவும் கிடைச்சிடுவார். அதான் இதைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையறேன். மேடான்ல ஒருத்தர் அமெரிக்கான்னார். சியந்தார்ல ஒருத்தர் ரஷ்யான்னார்.

— ரஷ்யாவா? எதை வச்சு?

— கனமா இருக்குதாம்.

— லம்ரியா! காப்பி என்ன ஆச்சு?

— இதோ வர்றேன்ப்பா! உள்ள ரேடியோ பக்கத்துல இருக்காரே, அதுதான் எங்கப்பா. கண்ணு மங்கிட்டதுன்னு கடையை என்கிட்ட விட்டுட்டார். அதிகாரத்தை மட்டும் விடல. சரி, அந்த மீன் எதுக்கு? அதைச் சொல்லவே இல்லையே.

— மாமா இன்னைக்கே கிடைச்சிட்டா வெறுங்கையோட போய் நிக்கக் கூடாதுல்ல. மாமன்னா மீன், மீன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான்.

— அட என் சாமி! மாமன் வீட்டுலேருந்துதான் உங்களுக்கு மீன் வரணும். நீங்க கொண்டு போக வேண்டியது பன்னிக்கறி. யாராவது மாமன் வீட்டுக்கே மீனைத் தூக்கிட்டுப் போவாங்களா? தலைகீழ்!

— அப்படியா! துறைமுகத்துல வளர்ந்தவன் நான், யார் சொல்லிக் கொடுத்தா? நல்லவேளை நீங்க சொன்னீங்க. இல்லாட்டி மானம் போயிருக்கும்.

— என்கிட்ட போயிடுச்சே, பரவாயில்லையா? சரி, கிட்டாருக்கு வருவோம். முதல்ல இந்தத் தலையைப் பாருங்க. கம்பி முறுக்கற முறுக்காணி நாலு இருக்கு, நாலும் நாலு வீட்டுப் பிள்ளைங்க. பேர் எழுதியிருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்திருக்கு.

— அதான் திருட்டுச் சாமானோன்னு எனக்கு ஒரு பயம்.

— இருங்க. நீளத்தைப் பார்த்தா கழுத்து மட்டும் ஜப்பான். அந்தக் காலத்துல கப்பல்காரங்க மலிவா இறக்கி வித்தாங்களே, அதுல ஒண்ணு. ஆனா இப்படி மெல்லிசா ஜப்பான்காரன் செய்யமாட்டான். யாரோ பின்பக்கத்தைச் சீவியிருக்காங்க. அதுவும் எப்படி! ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எந்தக் கத்துக்குட்டி கையில மாட்டிச்சோ பாவம்!

— அவ்வளவு மோசமா?

— மோசமா இல்ல... அவசரம். தெரிஞ்சவன்தான், ஆனா கை இன்னும் படியல. இங்க பாருங்க, உடம்பும் கழுத்தும் சேர்ற இடத்துல ரெண்டு ஓட்டை தப்பாப் போட்டு, மரத்தூளை வச்சு அடைச்சிருக்கான். எங்கப்பா கிட்ட நான் இப்படிப் போட்டிருந்தா மண்டையில குட்டு விழுந்திருக்கும். ஏம்ப்பா, விழுந்திருக்கும்தானே?

— காப்பியைக் கேட்டேன். கதையைக் கேக்கல.

— ஆச்சு, ஆச்சு! இப்போ உடம்பு. கறுப்புப் பெயின்ட் தடிமனா இருக்கு, இது கிட்டாருக்கு அடிக்கிற பெயின்டே இல்ல, படகுக்கு அடிக்கிறது. கீழ கொஞ்சம் சுரண்டட்டுமா? வலிக்காதே?

— சுரண்டுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— மஞ்சள்! பார்த்தீங்களா? பலாக்கட்டை.

— பலாவா? பழம் தின்போமே, அந்தப் பலாவா?

— அதே. நம்ம ஹசாப்பி வாத்தியம் எதுல செய்யறோம்? ரெண்டு கம்பியை மீட்டி மேளத்துக்கு வாசிப்பாங்களே, அது பலாவுலதானே? அமெரிக்காக்காரன் பலாக்கட்டைக்கு எங்க போவான்? மீன்காரரே, உங்க கிட்டாருக்கு இந்த ஏரிதான் ஊரு. தோபா ஏரியைச் சுத்தித்தான் யாரோ செஞ்சிருக்காங்க.

— சத்தியமாவா? அப்போ மாமாவும் இந்தப் பக்கம்தானா?

— இன்னும் இருக்கு. அடிப்பக்கத்துல இந்தச் சரிவு எதுக்குன்னு நினைக்கிறீங்க?

— அடிபட்டு உடைஞ்சிருக்கும்னு நினைச்சேன்.

— உடைஞ்சா இப்படி வழவழன்னு இருக்குமா? சேலை மாதிரி சுத்திக் கட்டற கைலியில காலை ஒருக்களிச்சு உட்கார்ந்தா, சரியா இந்த இடம்தான் தொடையில படும். இருங்க, நான் உட்கார்ந்து காட்டறேன். பாருங்க! கழுத்தை எதுக்குச் சீவினாங்கன்னும் இப்போ புரியுது. சின்னக் கை. இது பொம்பளைக்காகச் செஞ்ச கிட்டார்.

— அம்மா பாடுவாங்கன்னுதான் நினைச்சிருந்தேன். அப்போ வாசிச்சது...

— உங்கம்மாதான். எங்க, வாசிங்க கேப்போம். ஸ்பீக்கர் வயரைக் குத்தியாச்சு.

— பழைய கல்யாண நடை ஒண்ணு வாசிக்கறேன்.

— அப்பப்பா! கட்டைக்கு என்ன குரலு! ஆனா மூணாவது கம்பி ங்ஙேன்னு இரையுதே.

— அது எப்பவும் அப்படித்தாங்க. எத்தனை பேர்கிட்ட கொடுத்தும் போகல. நானும் நல்லா அழுத்தித்தான் பிடிக்கறேன், கேட்டுக்கோங்க, இப்போ...

— நிறுத்துங்க கொஞ்சம்.

— ஏங்க?

— ரேடியோ நின்னுடுச்சு. மத்தியானப் பாட்டு நேரத்துல எங்கப்பா ரேடியோவை நிறுத்தி நான் பார்த்ததே இல்ல. அப்பா? அப்பா, தூங்கிட்டீங்களா?

— போய்ப் பாருங்க.

— நாற்காலி சத்தம் கேக்குது, நல்லாத்தான் இருக்கார். நீங்க சத்தத்தைக் குறைங்க. இந்தத் திருகுதானே?

— ஆமா. பித்தளைத் திருகு. கொஞ்சம் ஆடும், பார்த்துத் திருப்புங்க.

— கையோட வந்துடுச்சே! அட, உள்ள துணியைச் சுத்தி இறுக்கியிருக்கு. இது கிட்டார் திருகே இல்ல. வேற எதுக்கோ செஞ்சது. ஓரத்துல பல்லுப் பல்லா இருக்கு, நடுவுல ஒரு அம்புக்குறி... மீன்காரரே.

— என்னங்க ஆச்சு?

— அந்த ஸ்டூலைப் போடுங்க.

— எங்க?

— விளக்குக்குக் கீழ. பிடிச்சுக்கோங்க, நான் ஏறணும். இந்தப் பெட்ரோமாக்ஸ் ஏன் எரியலைன்னு கேட்டீங்களா?

— நான் கேக்கலையே.

— கேட்டிருக்கணும். இதுக்குத் திருகு இல்ல. நான் பிறக்கறதுக்கு முன்னாடியிருந்து இல்ல. புதுசு வாங்கிப் போடறேன்னு சொன்னா எங்கப்பா ரெண்டு நாள் பேசமாட்டார். இப்போ அந்தத் துணியை உருவிட்டு, திருகைக் கொடுங்க.

— இந்தாங்க. என்னங்க? உள்ள போகுதா?

— போயிடுச்சு. சுத்துது. பொருந்தி உட்கார்ந்துடுச்சு.

— அப்படின்னா?

— எனக்கு ஒரு அத்தை உண்டு. தியுர்மான்னு பேரு. படம் கிடையாது. பேரை எடுத்தா அன்னைக்கு வீட்டுல யாருக்கும் சோறு இறங்காது. ஓடிப்போயிட்டாங்கன்னு மட்டும் தெரியும். எங்கம்மா ரகசியமாச் சொன்னாங்க, போர்சேயா ஊர்க்காரன் ஒருத்தன், பேண்டுல டிரம்ஸ் அடிச்சவன்னு. ஐயோ, ஸ்டூலை விட்டுடாதீங்க!

— எங்கப்பாவும் டிரம்ஸ்தாங்க...

— யார் வாசிச்சது?

— அப்பா! நீங்க எதுக்கு எழுந்து வந்தீங்க? இருங்க, நான் இறங்கறேன்.

— யார் வாசிச்சதுன்னு கேட்டேன்.

— நான்தாங்க ஐயா. பேர் ஜோங்கி.

— மூணாவது கம்பியை அழுத்திப் பிடிக்காதே. அது உட்கார்ற பள்ளத்தை ஆழமா வெட்டிட்டேன், அழுத்தினா இரையும். அப்பவே சொன்னேன், கேட்டாளா?

— அப்பா, இது நீங்க...

— கத்துக்குட்டிதான் செஞ்சான். எனக்கு அப்போ இருபத்தி நாலு வயசு. ஓட்டையை நீ போட்டிருந்தா குட்டியிருப்பேன். எனக்கும் குட்டு விழுந்துச்சு, உன் தாத்தாகிட்ட.

— போச்சுடா! எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

— கண்ணுதான் மங்கல். கத்துக்குட்டின்னதும் காதைத் தீட்டினேன், அதுக்கு முன்னாடி ரேடியோதான் கேட்டது. தம்பி, இதை எங்க வாங்கினே?

— வாங்கலைங்க. அம்மாவோடது.

— அம்மாவோடதா? அவ எங்க? வெளியில நிக்கறாளா? அவளுக்கு வீம்பு, தானா வரமாட்டா. லம்ரியா, போய்க் கூட்டிட்டு வா. அடிக்கமாட்டேன்னு சொல்லு.

— அப்பா...

— போம்மா. வெயில்ல நிக்கப் போறா.

— நீங்க சொல்லுங்க மீன்காரரே.

— அது வந்து... அம்மா இல்லீங்க ஐயா. எனக்கு ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டாங்க. எனக்கு முகம்கூட ஞாபகம் இல்ல.

— ரெண்டு வயசுலயா?

— ஆமாங்க.

— அப்போ இத்தனை வருஷமா நான் யார்மேல கோவமா இருந்தேன்?

— அப்பா, உட்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— தண்ணி வேணாம். அன்னைக்குச் சாயங்காலம் கச்சேரிம்மா. கிட்டார் எல்லாம் தயார், திருகு மட்டும் கிடைக்கல. ஊர் பூரா தேடினேன். கடைசியில விளக்குல இருந்ததைப் பிடுங்கி மாட்டிக் கொடுத்தேன். "புதுசு வாங்கினதும் இதைக் கொண்டுவந்து நானே விளக்குல போட்டுடறேன்ண்ணா"ன்னு சிரிச்சா. கச்சேரி முடிஞ்சது, வீட்டுக்கு வரல. அந்த டிரம்ஸ்காரனோட போயிட்டா.

— அதனாலதான் விளக்கைத் தொட விடலையா?

— அவ வந்து போடட்டும்னு விட்டேன். ஓடிப்போனா என்ன, எல்லாரும்தான் ஓடறாங்க. ஆறு மாசம் கழிச்சுக் கறியைச் சமைச்சுத் தலையில வச்சுக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. அண்ணன்காரன் ரெண்டு ஏச்சு ஏசிட்டு உள்ள விடுவான். அதுதானே வழக்கம்? நானும் ஏச்சை எல்லாம் தயாரா வச்சிருந்தேன். வரவே இல்லையே!

— அப்பா, அழாதீங்கப்பா.

— யாரு அழறா? அறுத்த கட்டைத் தூசி.

— ஐயா, நான் உங்களைக் கஷ்டப்படுத்த வரல. மாமாவைத் தேடித்தான் வந்தேன். ஆனா இந்த நேரத்துல கல்யாணம் அது இதுன்னு பேசறது நல்லா இருக்காது. நான் இன்னொரு நாள்...

— உட்காருங்க! எங்க எழுந்திருக்கறீங்க? எங்க வீட்டு ஆளுங்களுக்கு ஓடறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா? அப்பா, இவருக்கு அடுத்த மாசம் கல்யாணம். தாய்மாமன் இல்லாம தவிச்சுக்கிட்டிருக்கார். நீங்க என்ன சொல்றீங்க?

— பொண்ணு யாரு?

— டுமாங்க. பர்தெதே குலம்.

— ஹூம். தாய்மாமன் வீட்டுல பொண்ணு இருக்கும்போது வெளியில எடுக்கறியே, மாமன் மகளைக் கேட்டியா?

— அதானே! முறைப்பொண்ணு நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், டுமாவாம் டுமா!

— ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க! இப்போதானே...

— பயந்துட்டார் பாருங்கப்பா! அத்தான், போய்த் தாராளமா அவளையே கட்டிக்கோங்க. மாமன் வீட்டுக்கு மீனைத் தூக்கிட்டு வர்ற ஆளை வச்சு நான் எப்படிக் குடித்தனம் பண்றது?

— என்னது மீன்?

— அங்க வாளியில இருக்குப்பா. மாமா கிடைச்சா கொடுக்கலாம்னு வாங்கிட்டு வந்தாராம்.

— மீனையா?

— தெரியாம வாங்கிட்டேங்க. மன்னிச்சுக்கோங்க மாமா.

— இப்போ என்னன்னு கூப்பிட்டே?

— அது வந்து... மாமான்னு.

— தியுர்மா, பாரு உன் பிள்ளையை! முப்பது வருஷமா உன் கறிக்காக நான் காத்துக்கிட்டிருக்கேன், இவன் மீனோட வந்து நிக்கறான்!

— அப்பா சிரிக்கறார்! அத்தான், பாருங்க, எங்கப்பா சிரிக்கறார்!

— மாமா, அந்தத் திருகு இப்போ விளக்குலேயே இருக்கு. அம்மா சொன்னபடி அங்கேயே இருக்கட்டுமா?

— வேணாம், எடு. எடுத்துக் கிட்டார்ல மாட்டு. அது இல்லாம உன் கல்யாணத்துல சத்தத்தை எப்படிக் கூட்டுவே?

— மாமா... அப்போ நீங்க...

— லம்ரியா, அந்த மீனைப் பூனைக்குப் போட்டுட்டுக் கடையைச் சாத்து. ஏரிக்கரையில இருக்கறதுலயே பெரிய கெண்டையாப் பார்த்து வாங்கிட்டு வா. என் மருமகன் தட்டுல விழற மீன் என் வீட்டு மீனா இருக்கணும்.